கடைசிக் கொட்டை

திராட்சையை நான் விழுங்கிவிட்டேன். மறுக்கவில்லை. கையில் வைத்தார்கள், வாயில் போட்டேன், போயே போய்விட்டது. பாயசத்தில் கிடந்தால் ஏலக்காய்த் தோல் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒற்றை உலர் திராட்சை. அதற்காக முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டுமா? அதுவும் பந்தியில் பக்கத்து இலை வடையை எடுத்தவனைப் பார்ப்பது போல?

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் ஆறவில்லை. 'பின்பனிக் காலத்தின் எளிய இன்பங்கள் ஐந்து' என்று ஒரு கட்டுரை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஐந்தும் மனத்தில் தயாராக இருக்கின்றன. ஐந்தாவதுதான் முக்கியம். அது மட்டும் தெரிந்துவிட்டால் மாசி மாதத்தை நீங்கள் விடவே மாட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் இந்தத் திராட்சைக் கணக்கை முடித்துக்கொள்கிறேன்.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. சிவராத்திரியை ஒட்டி நான்கு நாள் லீவு போட்டுக்கொண்டு வளவனூர் வந்தாள். வந்த அன்றே, "அப்பா, நீ எதையுமே அனுபவிக்க மாட்டேங்கற" என்றாள். அப்போது நான் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அனுபவிக்க வேண்டுமென்றால் இன்னொரு காபிதான் வர வேண்டும்.

"குடிக்கறப்பா. ஆனா குடிக்கறத நீ கவனிக்கல."

அது வாஸ்தவம். அவள் பேச ஆரம்பித்ததிலிருந்து கவனிக்கவில்லை.

புதுச்சேரிப் பக்கம் கடற்கரையை ஒட்டி ஒரு தோப்பு வீடு. அங்கே அரை நாள் வகுப்பாம். ஆளுக்கு 2,500 ரூபாய். எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள், திருப்பித் தர மாட்டார்கள் என்றாள். நம் வீடுகளில் எந்தப் புதுப் பழக்கமும் 'பணம் கட்டியாச்சு' என்ற வாசல் வழியாகத்தானே உள்ளே வருகிறது. ஐயாயிரம் ரூபாய்க்கு உலர் திராட்சை வாங்கினால் பன்னிரண்டு கிலோவாவது வரும். மளிகைக் கடையில் விசாரித்துவிட்டேன்.

தோப்பு வாசலில் துணிப் பதாகை. மேலே ஆங்கிலம். கீழே, நம் மொழிக்கும் இடம் கொடுக்க வேண்டுமென்ற நல்ல மனத்தோடு, 'உள்நோக்கத்துடன் வாழ்வோம்' என்று போட்டிருந்தார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். "இன்டென்ஷனல் லிவிங்ப்பா. தமிழ்ல எழுதியிருக்காங்க, வா" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். உள்நோக்கத்துடன் வாழ்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? பத்து வருஷம் எட்டிப் பார்க்காத சித்தப்பா மகன் ஒருநாள் சாயங்காலம் ஆப்பிள் பையோடு வந்து, "அண்ணனுக்கு உடம்பு எப்படிக் கீது?" என்று கேட்டால், ஜாமீன் கையெழுத்து. எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டு நாலு முருங்கைக்காய் கொடுத்தால், அவர் எழுப்பப்போகும் சுவர் நம் பக்கம் அரை அடி வரப்போகிறது. இதைக் காசு கட்டிக் கற்றுக்கொள்ளும் நிலையில் வளவனூர் இல்லை.

தென்னைமரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள். நாற்காலி கேட்டேன். தரையோடு உறவு வைத்துக்கொள்வது நல்லது என்றார்கள். என் முழங்காலுக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. நடத்தியவர் முப்பது வயது இளைஞர். பித்தான் இல்லாத கைத்தறிச் சட்டை. தொட்டிலில் குழந்தை தூங்கும் வீட்டில் பேசுகிற குரல். "கண்ண மூடிக்கங்க. உங்க கையில ஒண்ணு வைக்கப் போறோம்" என்றார். வைத்தார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. வயிற்றில் வெறும் காபி. அப்போது மணி பத்து. கண்ணை மூடிக்கொண்டு நீட்டிய கையில் ஏதாவது விழுந்தால் அது வாய்க்குப் போவது எனக்கு அறுபத்திரண்டு வருஷப் பழக்கம். கோயிலில் குருக்கள் வைப்பதை நான் என்றைக்குப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்? துளசியா, கற்கண்டா என்று நாக்கு பார்த்துக்கொள்ளும். ஒருமுறை விபூதியும் அப்படிப் போயிருக்கிறது.

"இப்ப மெதுவா கண்ணத் திறங்க. செவ்வாய்க் கிரகத்துலேர்ந்து இப்பதான் இறங்கி வந்தவங்க மாதிரி, கையில இருக்கறத முதல்முறையா பாருங்க."

செவ்வாய் எனக்குப் புதிதல்ல. மகளுக்கு வரன் பார்த்த இரண்டு வருஷமும் அந்தக் கிரகத்தோடுதான் மல்லுக்கட்டினேன். எல்லோரும் உள்ளங்கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆயுள் ரேகை தெரிந்தது.

"ஐயா, உங்களுது எங்க?"

"உள்ள கீது."

அப்போதுதான் அந்த முப்பது பேர் திரும்பியது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் கணக்கு டீச்சர் முன்னால் நான் தலை குனிந்து நின்றதற்கு வட்டியும் முதலுமாக அன்றைக்குத் தீர்ந்தது.

எனக்கு இரண்டாவது திராட்சை ஒன்றைக் கொடுத்தார்கள், ரேஷன் கார்டைத் தொலைத்தவனுக்கு நகல் கொடுப்பது போல. ஒரு நிமிஷம் சுருக்கங்களைப் பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முகர்ந்தோம். அப்புறம், "காதுகிட்ட வச்சு விரலால உருட்டுங்க. என்ன சொல்லுது?" என்றார்.

ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? காய்ந்து சுருங்கிய பழம். காதருகே வைத்தால் பேசுகிற பண்டம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது மல்லாட்டை. காய வைத்த மல்லாட்டையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று பதில் சொல்லும். சொன்னால் காய்ந்துவிட்டது, மூட்டை பிடிக்கலாம். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும். எங்கள் ஆயா களத்துமேட்டில் இப்படிக் குலுக்கிக் குலுக்கித்தான் வியாபாரியிடம் விலை பேசுவாள். அவள் யாரிடமும் 2,500 ரூபாய் வாங்கியதில்லை.

திரும்பும்போது விழுப்புரம் பஸ்ஸில், வில்லியனூர் தாண்டியதும் மகள் எனக்கு வரலாறு சொன்னாள். இந்தத் திராட்சைப் பயிற்சி சாதாரணமானதில்லையாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியால் அவதிப்படுகிறவர்களுக்காக ஜான் கபட்-ஸின் என்பவர் 1979-இல் தொடங்கிய எட்டு வார வகுப்பிலிருந்து உலகமெல்லாம் பரவியதாம். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வலியோடு வந்தவர்களுக்குச் சொன்னார். எனக்கு வலி வந்தது பாயில் உட்கார்ந்த பிறகுதான்.

ஆனால் 1979 என்றதும் எனக்கு வேறொன்று உறைத்தது. சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால், 1879-இல்தான் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் விட்டார்கள். எங்கள் வளவனூர் ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. பிரெஞ்சுக்காரன் எங்கள் மல்லாட்டையில் குளித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பதிலுக்கு ஒரு திராட்சையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மல்லாட்டை என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் கடலூர், விழுப்புரம் பக்கம் பிறக்கக் கொடுத்துவைக்காதவர்கள். நீங்கள் வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய் என்று என்னென்னவோ சொல்வீர்கள். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை. அது எங்கள் பாட்டன்மார் வாயில் மல்லாக்கொட்டையாகி, பிறகு மல்லாட்டையாகிவிட்டது. ஒரு நாட்டின் தலைநகரத்தை இந்த அளவுக்கு மென்று தின்ற ஜில்லா வேறு கிடையாது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விதை மூட்டையில் டி.எம்.வி. என்று போட்டிருந்தால் அது திண்டிவனம்தான்.

கார்த்திகையில் போட்டதை மாசிக் கடைசியில் பிடுங்குவார்கள். மேலே மஞ்சளாகப் பூ பூத்து, பூ வாடியதும் காம்பு ஊசி போல நீண்டு மண்ணுக்குள் இறங்கி அங்கே காய்க்கிற பயிர் அது. செய்ததை வெளியே காட்டிக்கொள்ளாத குணம். எனக்குப் பிடித்த குணம். நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்து பற்றாமல் பொக்கு விழும். வெளியே பார்த்தால் கொழுகொழுவென்று காய், உள்ளே காற்று. பொக்கு என்ற சொல்லை எங்கள் ஊரில் சில மனிதர்களுக்கும் பயன்படுத்துவோம்.

சாயங்காலம் நாலரைக்கு எங்கள் தெருவில், "மல்லாட்டேய்... அவிச்ச மல்லாட்டேய்..." என்று ஒரு அம்மாள் வருவார். தலையில் அன்னக்கூடை, மேலே ஈரச் சாக்கு. சாக்கை விலக்கினால் ஆவியோடு ஒரு மண்வாசனை வரும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் வெந்த ஓடு, மழையில் நனைந்த சுவர் நிறம்.

"இன்னா சார், ரெண்டு நாளா காணம்?"

"ஒரு வகுப்புக்குப் போயிருந்தேம்மா."

"இந்த வயசுல இன்னா வகுப்பு சார்?"

"சாப்பிடறது எப்படின்னு."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. படியை அளந்துவிட்டு, கொசுறாக வழக்கத்தைவிட ஒரு கை கூடுதலாகப் போட்டார். இரக்கம்தான், வேறென்ன.

இனி சாப்பிடுவது. ஓட்டின் மூக்கை அமுக்கினால் வாய் திறக்கும். திறக்கும்போது உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீர் கண்ணாடியிலோ சட்டையிலோ தெறிக்கும். தெறிக்காவிட்டால் அது ஆறிப்போன மல்லாட்டை. பிஞ்சாக இருந்தால் ஓட்டோடு மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பிரச்சினை இங்கே இல்லை. பிரச்சினை கடைசியில்.

கடைசிக் கொட்டை சொத்தையாகத்தான் இருக்கும். உங்களுக்கும் தெரியும். ஒரு படி மல்லாட்டை. அதில் முந்நூறு கொட்டை இருக்கட்டும், இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தேன். இனிப்பு, உப்பு, மாவு, எல்லாம் அளவாக. வயிறும் போதும் என்கிறது, மனமும் போதும் என்கிறது, கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று கடைசியாக ஒன்றை வாயில் போட்டால், கசப்பு. வெறும் கசப்பா அது? வேப்பங்கொட்டை, பழைய எண்ணெய், மழையில் ஊறிய அட்டைப்பெட்டி மூன்றையும் சேர்த்து அரைத்த கசப்பு. அதுவரை தின்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் கண்முன்னே வீணாகும். வருஷக்கணக்காக நல்லபடி உத்தியோகம் பார்த்து, ரிட்டயர் ஆகிற அன்றைக்கு மெமோ வாங்கியது போல.

துப்பிவிட்டு என்ன செய்வோம்? வாயை நேராக்க இன்னொன்று தேடுவோம். ஓட்டுக் குவியலைக் கிளறினால் அடியில் ஒன்று தப்பிக் கிடக்கும். வாயில் போடுவோம். அது நல்லதாக இருந்தால், ஆகா, போதும் என்று எழுந்திருக்க வேண்டியதுதானே? மாட்டோம். நல்லதாக இருந்ததாலேயே இன்னொன்று தேடுவோம். ஆக, நல்லது கிடைத்தால் தின்று கொண்டிருப்போம், சொத்தை கிடைத்தாலும் அதைத் திருத்தத் தின்று கொண்டிருப்போம். கொட்டை தீரும்போது எது வாயில் இருக்கிறதோ அதுதான் முடிவு. அது என் வாயில் அறுபத்திரண்டு வருஷமாகச் சொத்தையாகவே இருந்துவருகிறது.

இதற்கு என் மைத்துனர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஆரம்பத்திலேயே குவியலில் இருப்பதிலேயே பருத்த மூன்றுகொட்டைக் காய் ஒன்றைப் பொறுக்கி, மடியில் தனியாக வைத்துக்கொள்வார். வங்கியில் வைப்புநிதி போடுகிற மாதிரி. மற்றதெல்லாம் தின்று முடித்து, ஊர் உலகமெல்லாம் கசப்போடு எழுந்திருக்கும்போது, இவர் மட்டும் நிதானமாக மடியிலிருந்து அதை எடுத்து உடைப்பார். பத்தில் நாலு முறை அது பொக்கு. மூன்று முறை பேச்சு மும்முரத்தில் அதை முன்பே தின்றிருப்பார், இல்லை பேரன் எடுத்துத் தின்றிருப்பான். மீதி மூன்று முறை மூன்று கொட்டையில் முதல் இரண்டு தேன், மூன்றாவது அதே கதை.

என் மனைவியின் வழி வேறு. அவள் எல்லாவற்றையும் முதலில் உரித்து, கிண்ணத்தில் போட்டு, கறுத்தது, சுருங்கியது, முளைவிட்டது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு அப்புறம்தான் வாயில் போடுவாள். அறிவியல்பூர்வமானது, ஒப்புக்கொள்கிறேன். உரித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் அதே திண்ணையில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பதை அவள் முப்பத்தைந்து வருஷமாகக் கணக்கில் சேர்க்கவில்லை. கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் நாலைந்தை அவள் வாயில் போடும்போது, அதில் ஒன்று மேலே பளபளவென்று இருந்து உள்ளே கெட்டிருக்கும்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இதை மறுத்தார். நிகழ்தகவுப்படி முந்நூறில் எதுவும் சொத்தையாக இருக்கலாம், கடைசிக்கென்று தனி விதி கிடையாது, நடுவில் வந்த சொத்தையை மறந்துவிடுகிறோம், கடைசியில் வந்தது நாக்கில் நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். சொல்லி முடித்துவிட்டுக் கையில் இருந்த கடைசிக் கொட்டையை வாயில் போட்டார். முகத்தைப் பார்த்தேன். "இது விதிவிலக்கு" என்றார். துப்ப வாசலுக்குப் போனார்.

விழுப்புரம் ஜங்ஷனில் காகிதக் கூம்பில் வறுத்தது வாங்கிக்கொண்டு புதுச்சேரி பாசஞ்சரில் ஏறினால் இன்னும் மோசம். கூம்பின் அடியில் விரல் துழாவும்போது வருவது மணலும் தோலும்தான். அந்தத் தோலுக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை அரைக்கொட்டை. இருட்டில் இருந்தே பழக்கப்பட்டது, அதை நம்பவே கூடாது. ஆனால் சின்னபாபுசமுத்திரம் வந்துவிட்டது, கூம்பைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, போட்டுவிடுகிறோம். அப்புறம் புதுச்சேரி வரைக்கும் எச்சில் கூட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சிரிக்க வேண்டாம். இந்தச் சொத்தை சாதாரண விஷயம் இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் ஏனென்று தெரியாமல் செத்து விழுந்தன. துருவிப் பார்த்தால், பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் பூஞ்சணம். அதிலிருந்துதான் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சையே கண்டுபிடித்தார்கள். ஆகவே கசந்தால் துப்பிவிடுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான ஒரு வரி வேண்டுமென்று தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே விட்டேன்? ஐந்து இன்பங்கள்.

மகள் ஊருக்குப் போகும் முன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். 'குளிர்காலம் முடிவதற்குள்' என்று தலைப்பு. பதினான்கு விஷயங்கள். தடித்த காலுறை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வேண்டும். இங்கே பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். "கரண்டு இருக்கறப்ப மெழுகுவத்தி ஏத்தினா கரண்டு போயிடும்" என்று மனைவி தடுத்துவிட்டாள். இதற்கெல்லாம் டென்மார்க்கில் ஹூக என்று பேர், அது ஒரு வாழ்க்கை முறை என்று மகள் விளக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து என் அம்மா, "ஹுக்காவா? வேணாம்மா, இருமல் வரும்" என்றாள். வெறுங்காலோடு பனிப்புல்லில் நடக்க வேண்டும். நடந்தேன். டென்மார்க்கில் நெருஞ்சி கிடையாது போலிருக்கிறது.

ராத்திரி படுக்கும் முன் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுத ஒரு நோட்டும் வாங்கி வைத்திருந்தாள். முதல் நாள் மனைவி எழுதினாள். ஒன்று, காஸ் வந்தது. இரண்டு, தண்ணி வந்தது. மூன்று, இவர் இன்னிக்கு அரை நாள் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு அந்த நோட்டில் பால் கணக்கு ஓடுகிறது.

சரி. முதல் இன்பம், பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று வைத்தது நம் இலக்கணம். பங்குனியைப் பனியில் சேர்த்தவர் பகல் ஒரு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்க மாட்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு தமிழாசிரியர் சொன்னார். முன்னிரவில் பனி விழுந்தால் முன்பனி, பின்னிரவில் விழுந்தால் பின்பனி. விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து பார்த்துவிட்டுத்தான் பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக நாலு பேர் நடைக்குக் கிளம்புவார்கள், 22 டிகிரிக்கு. நானும் அதில் ஒருவன் என்பதால் இதை இத்தோடு நிறுத்துகிறேன். சிவராத்திரியோடு பனி 'சிவ சிவா' என்று போய்விடும் என்பதால் முதல் இன்பம் முடிந்தும் விட்டது.

இரண்டாவது, மாசியில் கண்ணால் பார்ப்பது. சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. விளைந்த தானியத்தையும் காயையும் காசையும் ஜனங்கள் வாரி இறைப்பார்கள். இன்னும் பத்து நாளில் மாசி மகம். மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார்கள். சாமிகளே பணம் கட்டாமல்தான் கடற்கரைக்குப் போய் வருகின்றன.

நடைக்கு நாங்கள் போகிற வழியில் முன்பு இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. மாசியில் விடிந்ததும் பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பிடுங்கி முடிந்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் குச்சியால் கிளறிப் பொறுக்குவது பிள்ளைகள் உரிமை. யார் கொல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். டிரவுசர் பை நிறைந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இனிக்கும். இப்போது அங்கே வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். நுழைவாயிலில் வளைவு கட்டி, 'இயற்கையோடு இணைந்த இனிய வாழ்வு' என்று எழுதியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இயற்கையை எடுத்துவிட்டு அதன் பேரை மட்டும் வளைவில் எழுதி வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

அதில் எண்பத்தேழு சென்ட் எங்களுடையது. நானும் அண்ணனும் போய்க் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பணத்தில்தான் மகள் இன்ஜினியரிங் படித்தாள், பெங்களூர் போனாள், ஐயாயிரம் ரூபாய் கட்டி என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போனாள்.

மூன்றாவது இன்பம் என்று எழுதி ஒரு புள்ளி வைத்தேன். தெருமுனையில், "மல்லாட்டேய்..." என்று குரல் கேட்கிறது. மனைவி உள்ளேயிருந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைசிக் கொட்டை நல்ல கொட்டையாக அமைந்து, வாயில் கசப்பு இல்லாமல் எழுந்தவர் உங்களில் யாராவது இருந்தால், எப்படி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். நேரில் வந்து சொல்கிறவர்கள் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஏறி வளவனூரில் இறங்கலாம். நாலரை மணிக்கு மட்டும் வர வேண்டாம், பங்கு குறையும்.